பொருள் எண் நான்கு

வேப்பேரி ஆய்வகத்துக்குக்
குழம்பாகவே வந்து சேர்ந்தது அது.
எவர்சில்வர் தூக்கு, கைப்பிடியில் நூல் சுற்றி
அரக்கு முத்திரை.

பொருள் எண் ஒன்று: வண்டி பிரேக் கம்பி, சுருக்கு முடிச்சுடன்.
இரண்டு: ரத்தம் காய்ந்த கருப்புப் பை.
மூன்று: அரிவாள்மணை.
நான்கு: சமைத்த இறைச்சி என ஐயப்படுவது.

காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன்.
மூடியைத் திறந்ததும்
சோம்பு, பட்டை, வறுத்து அரைத்த தேங்காய்.
வாயில் எச்சில் ஊறியது.
பதினோரு வருட வேலையில்
இதை எந்த அறிக்கையிலும் நான் எழுதியதில்லை.

வனவர் இருதயநாதன் கதவோரம் நின்றபடி சொன்னார்:
"தரமணிப் பக்கம் மேடம்.
சுவத்துக்கு அந்தாண்ட காடு, இந்தாண்ட இவங்க அடுப்பு.
கம்பி கட்டினவன் ஓடிட்டான்.
சாப்பிட உக்காந்தவங்கதான் கெடைச்சாங்க."

ஏகாம்பரம், ஐம்பத்திரண்டு, ஏடிஎம் காவலாளி.
மனைவி பூங்காவனம்.
"ஆட்டுக்கறின்னுதான் சார் குட்தான்.
கிலோ முந்நூறு. கெடா, கொஞ்சம் முத்தல்னான்."
இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்களாம்.
"பேசி வெச்சுக்கிட்டு சொல்றாங்க மேடம்."

நான் கழுவத் தொடங்கினேன்.
எண்ணெய் போக ஒரு முறை.
மஞ்சள் போக மூன்று முறை. போகவில்லை.
தொடை எலும்பு ஒன்று, என் சுண்டுவிரல் தடிமன்.
முனைக் குருத்து இன்னும் தண்டோடு கூடவில்லை,
நகத்தால் தள்ளியதும்
பேனா மூடிபோல் கழன்றது.
மூன்று மாதம் என்று எழுதலாம். அதற்குள்ளேயும் இருக்கலாம்.
தாயின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டே
நடக்கிற வயது.
கம்பியைப் பார்த்திருக்காது.

இந்த வயதுக்குத் தமிழில்
மறி என்று ஒரு சொல் இருக்கிறது.
மான்குட்டிக்கும் மறி,
ஆட்டுக்குட்டிக்கும் மறி.
மொழி பிரிக்காமல் விட்டதை
நான் பிரித்துச் சொல்ல வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

இருட்டறையில், ஊதா வெளிச்சத்தில் கோடுகள் எழுந்தன.
ஆட்டின் கோடு ஓரிடத்தில்.
குழம்பின் கோடு அதைத் தாண்டி,
புள்ளிமானுக்கு நேராக.
சந்தேகமே இல்லை.

வடிகட்டியில் மிஞ்சியதைக் கொட்டப் போனபோதுதான்
கண்ணில் பட்டது
பப்பாளிக் காய்.
தோல் சீவிப் பொடியாக நறுக்கி,
ஐந்து துண்டு, குழைந்துபோய்.

என் வீட்டிலும் போடுவோம்.
வேகாத கிடாவுக்குப் போடுவோம்.
மலிவாகக் கிடைத்த கறிக்கு,
கேஸ் தீரப்போகிற வாரத்தில்.
பால் மறக்காத ஒன்றுக்கு
யார் பப்பாளி போடுவார்?
தெரிந்திருந்தால் பூங்காவனம்
அந்தக் காயைத் தேடி எங்கும் போயிருக்க மாட்டாள்.

முதல் கவளத்திலேயே கரைந்திருக்கும்.
"இன்னாமா, பஞ்சாட்டம் வெந்துக்குது" என்றிருப்பார் அவர்.
அவள் காயைப் புகழ்ந்திருப்பாள்.
அப்புறம்தான் கதவு தட்டியிருப்பார்கள்.

படிவத்தில் இனம் உண்டு, வயது உண்டு, எடை உண்டு.
நறுக்கியவளுக்குத் தெரியுமா என்ற கட்டம் இல்லை.
'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினேன்:
பப்பாளிக் காய்த் துண்டுகள், ஐந்து.

துறைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"நம்மள கேட்டது மானா, ஆடா.
காய்கறியப் பத்தி யாரும்மா கேட்டா?"
சிவப்பு மையில் ஒரு கோடு.
கீழே இருப்பதைப் படிக்க முடிகிற அளவுக்கு
மெல்லிய கோடுதான்.
கையெழுத்துப் போட்டேன். மான்தானே அது.

நாலு துண்டைத் தொட்டியில் கொட்டினேன்.
ஒன்றைக் குப்பியிலிட்டு
நான்கு-அ என்று ஒட்டி
உறைபெட்டியின் பின்வரிசையில் வைத்திருக்கிறேன்.
எந்த வக்கீலும் இதுவரை கேட்கவில்லை.

இரண்டரை மணிக்கு வராந்தாவில்
என் டப்பாவைத் திறந்தேன். சாம்பார் சாதம்.
கையுறையையும் மீறி
நகக்கண்ணில் பூங்காவனத்தின் மஞ்சள்.
நல்ல பசி.
அந்தக் கையாலேயே பிசைந்தேன்.